குறைவு எங்கே?

"தமிழ்நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் அஸ்வின்தான். மாரியப்பனை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க, பாராலிம்பிக்கில் போட்டி குறைவு" என்று சுந்தரபாண்டியம் டீக்கடையில் நண்பர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அஸ்வினின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளை நானும் மதிக்கிறேன். ஆனால் போட்டி குறைவு என்பதுதான் அளவுகோல் என்றால் முதல் அடி அவருக்குத்தான் விழும். டெஸ்ட் ஆடத் தகுதி பெற்ற நாடுகள் மொத்தமே 12.

மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். ரியோவில் (2016) 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் (2024) வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்.

அந்த 1.89 மீட்டர் கம்பிக்கு அடியில் நண்பர் குனியாமலே நடந்து போகலாம். தாண்டச் சொன்னால்தான் தெரியும், போட்டி குறைவா, நம் பார்வை குறைவா என்று.