டங்ஸ்டன் ஏலம் ரத்தானது. கண்மாய்க் கணக்கு எழுதப்பட்டதா?

மேலூர் வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை மத்திய சுரங்க அமைச்சகம் 2025 ஜனவரி 23-ல் ரத்து செய்தது. அரிட்டாபட்டியிலும் அ.வல்லாளபட்டியிலும் அன்று வெடி வெடித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று பலரும் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டோம். ஏழரை மாதம் கழித்து, செப்டம்பர் 8-ல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து ஓர் அலுவலகக் குறிப்பாணை வந்தது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. முக்கியக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது.

இந்த இரண்டு செய்திகளையும் விவசாயிகள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2023-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2024 நவம்பர் 7-ல் நாயக்கர்பட்டி தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அந்த மாதமே கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை மக்கள் நடந்தே வந்தார்கள். யார் எப்போது ஆட்சேபம் சொன்னார்கள் என்று இரு அரசுகளும் கடிதங்களைக் காட்டி வாதாடியதை அரசியல் பக்கத்துக்கே விட்டுவிடுவோம்.

விவசாயி கவனிக்க வேண்டிய நாள் டிசம்பர் 24. அன்று சுரங்க அமைச்சகம் ஏலத்தைக் கைவிடவில்லை. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையைத் திருத்த முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேர்தான் அந்தத் தலம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம் அது. தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒரு பங்குக்கு அரசாணை இருந்தது, டெல்லி அதைக் கணக்கில் எடுத்தது. மீதி ஒன்பது பங்கில் ஊர்களும் கண்மாய்களும் வயல்களும் இருந்தன. அவற்றுக்காகப் பேச மக்களின் கால்கள்தான் இருந்தன, காகிதம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு பயிரியலாளனாக என் கண்ணுக்கு அந்தத் தலமும் வயலும் ஒரே நிலம்தான். அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள். அரசின் அறிவிப்பு 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று கணக்கிடுகிறது. (ஏரி என்பது அரசாணைத் தமிழ், நம் பக்கம் கண்மாய், குளம், ஊருணி.) மொட்டைப் பாறையில் விழும் மழையில் பெரும்பகுதி வழிந்து அடிவாரக் கண்மாய்க்கு ஓடிவிடும். ஒரு பகுதி பாறை வெடிப்புகளில் இறங்கி, மழை நின்ற பிறகும் சுனையாகக் கசிந்துகொண்டிருக்கும். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அதன் கசிவில் கீழே கிணறுகள் ஊறும். கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் என்பது மணல்பூமியில் இருப்பதுபோல் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பதில்லை. மேல்மட்டச் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. எந்த வெடிப்பு எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. குன்றுக்கு வேலி போட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் வரத்துக்கால் அறுந்துபோகும்.

பெரியாறு பாசனத்தில் மேலூர் ஒருபோகப் பகுதி மட்டும் 85,000 ஏக்கருக்கு மேல். வைகை அணையில் போதிய இருப்பு இருந்தால் பெரும்பாலும் செப்டம்பரில் தண்ணீர் திறப்பார்கள். இருப்பு இல்லாத ஆண்டுகளில் கடைமடைக்காரரின் நெல்லைக் காப்பாற்றுவது கண்மாயும் கிணறும்தான். கால்வாய்த் தண்ணீர் எட்டாமல் மலைத் தண்ணீரை மட்டுமே நம்பிய வயல்களும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன.

டங்ஸ்டன் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட வரும் ரிக் வண்டியின் பிட்டில் பாறையை உடைக்கும் குமிழ்கள் டங்ஸ்டன் கார்பைடுதான். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, நாயக்கர்பட்டி ஏலம் ரத்தான அதே வாரத்தைத் தொட்டு, ஜனவரி 29-ல் நம் மத்திய அமைச்சரவை தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேவை கூடிக்கொண்டே போகும்போது, பாறைக்குள் இருக்கும் கனிமத்தை யாரும் மறந்துவிடப் போவதில்லை. பொதுவாக டங்ஸ்டன் தாதுவில் உலோகத்தின் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி அத்தனையும் அரைத்த கல்தூள். அதை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் ஆயக்கட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மேலூருக்கு இது புதிதில்லை. கிரானைட் முறைகேட்டில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-ல் அப்போதைய ஆட்சியர் உ.சகாயம் அறிக்கை அனுப்பினார். பின்னர் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது; 2015 நவம்பரில் அறிக்கை தாக்கலானது. மக்கள் மனதில் நின்றது கல்லின் விலைதான். மண் மாதிரி எடுக்க நான் போன ஒரு கண்மாயில் கல்தூள் படிந்து, சிமென்ட் தரைபோல இறுகிக் கிடந்தது. தண்ணீர் நின்றாலும் பூமிக்குள் இறங்காது, பக்கத்துக் கிணறுகள் ஊறாது. முன்பு அங்கே எவ்வளவு ஊறியது என்று கேட்டேன். பெரியவர்கள் கையை விரித்து உயரம் காட்டினார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

இனிமேல் அந்தக் கை உயரம் போதாது. கருத்துக்கேட்பு நீக்கப்பட்டாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நீக்கப்படவில்லை. அதை எழுதுகிறவர் செயற்கைக்கோள் படத்தையும் வருவாய்த்துறைப் பதிவையும் பார்த்து எழுதுவார். ஒருபோக வயல் கோடையில் தரிசாகத்தான் தெரியும். கூட்டத்தில் எழுந்து நின்று மறுக்க இடமில்லை என்றால், பதிவு சரியாக இருந்தாக வேண்டும். ஆகவே சாகுபடி செய்த பருவத்தில் அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள்.

கண்மாய்க்கும் ஒரு கணக்கு வேண்டும். எந்தக் குன்றிலிருந்து வரத்து, வரத்துக்கால் எந்தெந்தப் புல எண்கள் வழியாக வருகிறது, எத்தனை மடை, கலுங்குத் தண்ணீர் அடுத்து எங்கே போகிறது, கால்வாய் பொய்த்த ஆண்டில் எத்தனை ஏக்கர் விளைந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்களுக்கு நீர்வளத்துறையில் குறிப்பேடு இருக்கும். ஒன்றியக் கண்மாய்களுக்குப் பல இடங்களில் நீர்பாய்ச்சியின் நினைவுதான் குறிப்பேடு. அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். சுனைகளையும் நாட்டு ரகங்களையும் அதில் ஏற்றலாம். எழுதியதைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைப்பாகச் சேர்த்துவிட்டால் அது அரசுப் பதிவாகிவிடும். தீர்மானம் சுரங்கத்தைத் தடுத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் 193 ஹெக்டேருக்கு ஒரு காகிதம் என்ன செய்தது என்பதைப் பார்த்தோம்.

காவிரி டெல்டாவுக்கு 2020-லிருந்து பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. மதுரைக் கண்மாய்ப் பாசனத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. கேட்பது நியாயம், கேட்கவும் வேண்டும். அது வரும்வரை உதவி வேளாண் அலுவலர்கள் ஊருக்கு இரண்டு கிணறுகளையாவது தேர்ந்து மாதம் ஒருமுறை நீர்மட்டம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கலாம். கருவி வேண்டாம், கல் கட்டிய கயிறு போதும். ஒரே கிணறு, விளிம்பில் ஒரே இடம், மோட்டார் நின்று ஓர் இரவு கழிந்த காலை நேரம். அளந்ததும் தேதியோடு நோட்டில் எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.