மாடிச் சுவர் யாருக்காக?



சென்ற மாதம் சென்னையில் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். அழைத்தவர் நம் பழைய பங்கின் பிள்ளை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் கையால் புதுநன்மை வாங்கிய சிறுவன், இன்று பெரிய நிறுவனமொன்றில் பொறுப்பான பதவி வகிக்கிறார். ஆறு மாடிக் கட்டடமொன்றின் உச்சியில் அவருடைய குடியிருப்பு. பளிங்குத் தரை, குளிரூட்டிய அறைகள், தேக்கு மரக் கதவுகள். ஆயினும் அவர் நம்மை முதலில் அழைத்துச் சென்றது மொட்டை மாடிக்குத்தான்.

வீட்டைவிட அது பெரிது. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டிகளும் மின்தூக்கியின் இயந்திர அறையும் நீங்கலாக, மாடி முழுவதும் அவருக்கே உரியதென்று பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதாம். புல்தரை அமைத்து, தொட்டிகளில் செடிகள் வளர்த்து, ஓர் ஊஞ்சலும் போட்டிருந்தார். சுற்றுச்சுவரை ஆளுயரத்துக்கு மேலாக எழுப்பியிருந்தார். "பாருங்கள் ஃபாதர், யாருடைய தொந்தரவும் கிடையாது. பக்கத்துக் கட்டடம்கூடக் கண்ணில் படாது. வானம் மட்டுந்தான்" என்று மனம் நிறையச் சொன்னார். வாடகை வீட்டின் ஒற்றை அறையில் வளர்ந்த பிள்ளை அவர். அந்த மகிழ்ச்சியைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். செபித்து, தீர்த்தம் தெளித்தோம்.

விருந்து முடிந்து, மின்தூக்கியில் கூட்டமாயிருந்தபடியால் படிகளில் இறங்கி வந்தோம். இரண்டாம் மாடியில் வயதான அம்மாள் ஒருவர் கதவோரம் நின்றிருந்தார். "சாமி, மேல் வீட்டுக்காரர் உங்களுக்குத் தெரிந்தவர் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் வெயிலே எட்டிப் பார்க்காது. வற்றல் வடகம் காய வைக்க வாரத்தில் ஒரு நாள் மாடிக்கு விடுவாரா என்று கேட்டுச் சொல்கிறீர்களா?" என்றார். "கேட்கிறேன் அம்மா" என்றோம். கேட்கவில்லை. வாகனம் காத்திருந்தது, நேரமாகிவிட்டது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. நல்ல நாளில் அவர் மனம் கோணக்கூடாதே என்று எண்ணி வாய் மூடியிருந்தோம். அந்த மௌனம் இம்மாதம் முழுவதும் நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த உயர்ந்த சுவரை நினைக்கும்போதெல்லாம், முன்பு நாம் படித்தறிந்த இன்னொரு மாடி நினைவுக்கு வருகிறது. சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞரை வாசகர்கள் அறிவார்கள். அவர் 1929ஆம் ஆண்டு தொடங்கி 1931க்குள், பாரிஸ் மாநகரின் ஷான்செலிசே சாலையிலிருந்த ஒரு கட்டடத்தின் உச்சியில், சார்ல் தெ பெய்ஸ்தெகி என்னும் செல்வந்தருக்கு ஒரு குடியிருப்பை அமைத்துக் கொடுத்தார். மெக்சிகோ நாட்டு வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது அக்குடும்பத்தின் செல்வம்.

அந்தக் குடியிருப்பின் பெருமையே அதன் மாடிகள்தாம். பொத்தானை அழுத்தினால் பசுமை வேலி மின்விசையால் நகரும். மறைந்திருந்த பாரிஸின் காட்சி கண்முன் விரியும். மின்சாரம் இவ்வாறு வேலியை நகர்த்தப் பயன்பட்டதேயன்றி, அறைகளில் ஒளி தந்தவை மெழுகுவர்த்திகளே. எல்லாவற்றுக்கும் மேலேயிருந்த மாடிக்குக் கூரையில்லாத ஓர் அறையின் தோற்றம். தரையில் கம்பளம் போலப் புல்; சுவரோரம் ஓர் அலங்காரக் கணப்படுப்பு; நாற்புறமும் வெள்ளைச் சுவர்கள். புகழ்பெற்ற வெற்றி வளைவின் தலைப்பகுதி மட்டும் சுவருக்கு மேலே தெரியும். கீழே நடமாடும் மக்களில் ஒருவரும் கண்ணில் படமாட்டார். நகரைக் காண விரும்பினால் அதற்கென்று தனியே ஒரு மறைநோக்குக் கருவி இருந்தது; அது பாரிஸின் உருவத்தை ஒரு மேசைமேல் விழச் செய்யும். உலகின் மிக அழகிய நகரங்களில் ஒன்றின் நடுவே இடம் வாங்கி, அந்நகரை மறைப்பதற்கும் பொருள் செலவிட்டார்கள்! அக்குடியிருப்பு இன்று இல்லை. புகைப்படங்களே எஞ்சியிருக்கின்றன.

இதே கலைஞர் பின்னாளில் இன்னொரு மாடியையும் அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு நாட்டில் எண்ணற்றோர் வீடிழந்தனர். அவர்களின் தேவையை முன்னிட்டு, மார்சேய் துறைமுக நகரில் 1947 முதல் 1952 வரை 337 வீடுகளைக் கொண்ட ஒரே பெருங்கட்டடம் எழுந்தது. அதன் உச்சியை எந்த ஒரு வீட்டுக்கும் அவர் கொடுக்கவில்லை. அங்கே மழலையர் பள்ளி, சிறுவர் நீராடச் சிறு குளம், உடற்பயிற்சிக் கூடம், ஓடுபாதை, திறந்தவெளி மேடை ஆகியவற்றை அமைத்தார். முந்தைய மாடியில் ஒருவர் அனுபவித்த வானத்தை இங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவரது படைப்புகளில் பதினேழை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மார்சேய்க் கட்டடமும் அவற்றுள் இடம்பெற்றது.

அப்படியானால் உயர்ந்த சுவரே தவறா? அவ்வாறு சொல்ல மாட்டோம். லியோன் நகருக்கு அருகே, லா தூரெத் என்னுமிடத்தில், சாமிநாதர் சபைத் துறவியருக்காக 1960இல் அவர் முடித்துக் கொடுத்த மடத்தின் மாடியிலும் சுவர் உயரமாகத்தான் இருக்கிறது. அங்கே நடப்பவர் வேடிக்கை பார்க்காமல் வானத்தின் கீழ் தியானிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். குடும்பங்களுக்கும் தனிமை வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்திலும் நெரிசலிலும் அலைந்து திரும்புகிறவர், மனைவி மக்களோடு காற்றாட அமர ஓர் இடம் தேடுவதை யார் குறை சொல்ல முடியும்?

ஆகவே, சுவர் யாருக்காக எழுகிறது என்பதே நம் கேள்வி. திருமறை இதற்கு விடை தருகிறது. பாலஸ்தீன நாட்டு வீடுகளும் மொட்டை மாடி வீடுகளே. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், எவனேனும் தவறி விழுந்து அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சுமராதிருக்க வேண்டும் என்பது உபாகமம் தரும் கட்டளை. மாடிக்குப் பிறரும் வருவார்கள் என்பதை அக்கட்டளை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்! வருகிறவனைத் தடுப்பதற்கன்று, வந்தவனைக் காப்பதற்கே அந்தச் சுவர். யோப்பாவில், தோல் பதனிடுபவர் ஒருவரின் வீட்டு மாடியில் நண்பகல் வேளையில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று ஒதுக்கலாகாது என்னும் பாடத்துக்குப் புனித இராயப்பர் ஆயத்தமாக்கப்பட்டார். அவர் தனித்துத்தான் ஏறினார்; இறங்கியபோதோ வாசலில் அந்நியர்கள் காத்து நின்றார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து உபசரித்தார்.

அடுக்குமாடி வீடு வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், மொட்டை மாடிகளைப் பொதுப் பகுதிகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஒரு வீட்டாரின் தனிப் பயன்பாட்டுக்குரிய திறந்த மாடி என ஒன்றையும் அது தனியே வரையறுக்கிறது. பொதுப் பகுதிகளின் உரிமை குடியிருப்போர் சங்கத்தைச் சேர வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. எனவே விளம்பரத் தாளிலுள்ள வண்ணப் படத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் பத்திரத்தையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, மாடி யாருக்குரியது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாருடன் ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்குகள் சில இந்த இடத்தில்தான் வேர் பிடிக்கின்றன.

நம் நண்பரின் பத்திரத்தில் குறையேதும் இருப்பதாக நாம் அறியோம். வாரத்தில் ஒரு நாள் மாடிக் கதவைத் திறந்துவிடும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நீதிமன்றம் கேட்காத இத்தகைய கேள்விகளைத்தான் மனச்சான்று கேட்கிறது. புது வீட்டை மந்திரித்துவிட்டு, அதே படிக்கட்டில் ஓர் ஏழு நிமிடம் பேசத் தயங்கிய குருவானவரிடமும் அது கேட்கிறது.

இதை எழுதத் தொடங்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். முதலில் நம் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். பிறகு அந்த அம்மாளின் வேண்டுகோளைச் சொன்னோம். சற்று நேரம் பதிலில்லை. பின்னர், "ஃபாதர், அந்த அம்மா எந்த வீட்டில் இருக்கிறார்? பெயர் என்ன?" என்று கேட்டார்.

அவர் அங்கே குடியேறி மூன்று மாதங்கள் ஆகின்றன. பெயரை நாமும் கேட்டு வைத்திருக்கவில்லை. "இரண்டாம் மாடி, படிக்கு வலப்புறம். நீங்களே போய்க் கேளுங்கள், தம்பி" என்றோம்.