இரண்டு புள்ளி

விளையாட்டைப் பற்றி எழுத ஓர் உபாத்தியாயருக்கு என்ன அருகதை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் கடைசியாகச் சடுகுடு பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டியபோது நமக்குப் பதினாறு வயது. அதற்குப் பின் தாண்டியவையெல்லாம் பரீட்சைகளே. ஆயினும் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரண்டு இரவுகள் நம்மைத் தேர்வாய் கண்டிகையில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சியில் உட்கார வைத்தன. அங்கே நாம் பாடம் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டோம்.

கும்மிடிப்பூண்டித் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரைச் சிப்காட் தொழிற்பேட்டையினால் பலரும் அறிவர். ஆடுமாடு வீடு திரும்புவதைப் பார்த்துப் பொழுதை அறிந்த ஊரில், இன்று ஷிப்டு மாறுவதைப் பார்த்து மணி சொல்கிறார்கள். அந்தப் பெஞ்சியில் நமது மாணவர்கள் நால்வரும், வேலை முடிந்து வந்த வடநாட்டுத் தொழிலாளர் சிலரும் நெருக்கியடித்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

புரோ கபடிப் போட்டியின் ஒன்பதாவது பருவம் அது. 2017இல் இப்போட்டியில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணி, முதல் நான்கு பருவங்களில் ஒருமுறையேனும் இறுதிச் சுற்றுகளின் வாசலை மிதித்ததில்லை. ஒன்பதாவது பருவத்திற்கென்று 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த பவன் ஸெராவத்தோ, முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். கதை முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் நரேந்தர் என்ற புது வாலிபர் பாடிப்போகும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். ஆஷன் குமாரின் பயிற்சியில் அணி தலைநிமிர்ந்து, ஐந்தாம் இடத்தைப் பிடித்தது.

அப்பருவத்தில் முதலிரு இடத்தார் நேரே அரையிறுதிக்குப் போனார்கள். மூன்று முதல் ஆறு வரை இருந்தவர்கள் ஒருவரையொருவர் வென்றுதான் அங்கே செல்லவேண்டியிருந்தது. டிசம்பர் 13ஆம் தேதி மும்பையில் நம்மணி யூ.பி. யோதாஸை எதிர்த்தது. நாற்பது நிமிஷமும் முடிந்தபோது 36க்கு 36! பிறகு ஆளுக்கு ஐந்து பாட்டு என்று வைத்தார்கள். அதில் யாரும் வெளியேறுவதில்லை. புள்ளி மாத்திரமே கணக்கு. 6க்கு 4 என்று நம்மவர்கள் ஜயித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் அன்று எத்தனை கிளாஸுக்குக் காசு வாங்க மறந்தார் என்பது அவருக்கே தெரியாது.

டிசம்பர் 15ஆம் தேதி புனேரி பல்டனுடன் அரையிறுதி. முதற்பாதியில் முன்னின்றவர்கள் நாமே. பிற்பாதியில் பங்கஜ் மோஹிதே என்பவர் புகுந்து புகுந்து மீண்டார். அவர் ஒருவரே 16 புள்ளிகள் சேர்த்தார். முடிவில் 39க்கு 37. இரண்டே புள்ளியில் போயிற்று.

நமக்கு ஆற்றாமை பொறுக்கவில்லை. "போகட்டும், பெயர்தானே தமிழ்? ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அரியானாக்காரர்கள். தோற்றால் நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்படிச் சொல்லாதீங்க ஸார். நரேந்தர் நமக்காகத்தானே ஓடினார்?" என்றான். பக்கத்தில் ஒரு பீகார்த் தொழிலாளி. மூன்று முறை பட்டம் வென்ற அவருடைய பாட்னா அணி அவ்வருஷம் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. அவர் இரண்டு இரவும் நம்மணிக்காகவே தொண்டை வற்றக் கத்தினார். நமது பேச்சு அவருக்குப் புரிந்திராது என்று நம்பிக்கொண்டோம். இவ்வூரில் உழைக்கும் அவர் அயலார் என்றால், அவ்வணியில் உழைத்த நரேந்தரும் அயலார்தான். பையன் அந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டுவிட்டான்.

எனினும் நமது கேள்வியில் பாதி மிச்சமிருந்தது. சடுகுடு பிறந்து வளர்ந்த தமிழ் மண்ணில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமா? இல்லை. தூத்துக்குடி ஜில்லா மணத்தி கிராமத்துக் கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். மறுவருஷம் அர்ஜுனா விருதும் பெற்றார். தஞ்சை ஜில்லாச் சேரலாதன் 2016இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். பாட்டுக்கு மூச்சு இருக்கிறது. ஆடுவதற்கு நேரந்தான் யார் கொடுக்கிறார்கள்?

இவ்விடத்தில் நேயர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தப் பையனின் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள் உண்டு. பொதுத் தேர்வை முன்னிட்டு ஜூன் மாதம் முதலே அவ்விரண்டையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டவர் வேறு யாருமல்ல, நாமேதான். அவனோ வகுப்பிலேயே சிறந்த பிடிகாரன். தமிழர் அணியில் தமிழர் குறைவு என்று குறைபட்டவர், ஒரு தமிழ்ப் பையனின் காலை ஆறு மாதமாகப் பெஞ்சிக்கடியில் கட்டிப் போட்டிருந்தார்!

மறுநாள் காலை இரண்டு பாடவேளைகளையும் திருப்பிக் கொடுத்தோம். ஒரு பெற்றோர் வந்து, "மார்க் குறைந்தால்?" என்று கேட்டார். அச்சம் நியாயமானதே, தொழிற்பேட்டை வாசலில் ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை, சர்ட்டிபிகேட்டைத்தான் கேட்கிறார்கள். காலையில் அரைமணி முன்னதாக வந்து கணக்குச் சொல்லித் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

பையன் தேர்வில் தேறினான். நாம் எதிர்பார்த்ததற்கு இரண்டு மார்க் குறைவு. அந்த இரண்டுக்காக நாம் வருந்தவில்லை.