கீழ் வீட்டுக்காரர் செய்த குற்றம் என்ன?

திருக்கோவிலூரில் ஓர் இடைகழிக் கதை உண்டு. மழை கொட்டும் இரவு. இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் எழுந்து நின்றார்கள். நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார். யார் அவர்? பெருமாளே!

இடம் குறுகல். ஆனால் சண்டை வரவில்லை.

அதே ஊர்ப் பிள்ளைகள் இன்று சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். கடன் வாங்கி அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறார்கள். அங்கேயும் ஒரு குறுகலான இடம் இருக்கிறது. சுவரை ஒட்டி நிற்கும் கழிவுநீர்க் குழாய்தான் அது. அகலம் சுமார் நாலு அங்குலம். பத்து மாடி என்றால் பத்து வீட்டுக் கழிவும் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இங்கே சண்டை வருகிறது!

அடைப்பு யாருடையது?

ஊர் வீட்டில் முற்றத்துத் தண்ணீர் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். அடைத்தால் வீட்டுக்காரரே மூங்கில் குச்சியால் குத்தி விடுவார். அவருடைய அடைப்பு, அவருடைய குச்சி.

மாடி வீட்டில் அப்படி இல்லை. நின்று வரும் குழாய் அடியில் வளைந்து தரைக்குள் போகிறது. அந்த வளைவில்தான் பெரும்பாலும் அடைப்பு விழுகிறது. ஒரு வீட்டார் ஊற்றிய எண்ணெய், இன்னொரு வீட்டுத் தலைமுடி, வேறொருவர் போட்ட நாப்கின், கொத்தனார் கழுவி விட்ட சிமெண்டு. எல்லாம் சேர்ந்து கெட்டிப்படுகின்றன.

மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் தண்ணீரைத் திறந்தபடி இருப்பார்கள். அது போக வழியில்லாமல் கீழ் வீட்டுக் குளியலறையில் பொங்கும். பண்டிகை நாளாகப் பார்த்துப் பொங்கும்!

கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறிப் போய்ப் பணம் கேட்பார். "எங்கள் வீட்டில் அடைப்பு இல்லையே!" என்பார்கள். உண்மைதான். ஆனால் மேல் வீட்டில் அடைப்பு இல்லாததால்தான் கீழ் வீட்டில் வெள்ளம்!

வீட்டுக்குள் ஓடும் கிளைக் குழாய் அந்த வீட்டுக்காரருடைய பொறுப்பு. பல வீடுகளுக்கான நின்ற குழாய் எல்லாருக்கும் பொது. அதன் செலவைக் கீழ் வீட்டார் தலையில் கட்டுவது அநியாயம். தமிழ்நாடு அடுக்கு மாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இப்படிப்பட்ட பொது வசதிகளைக் கவனிக்கும் வேலையை உரிமையாளர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறது. சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சங்கம் கூடுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் என்றால், சட்டம் இருந்தும் பயனில்லை.

ஹாங்காங்கில் நடந்தது

சண்டையோடு போனால் பரவாயில்லை. உயிரே போனதும் உண்டு.

2003 மார்ச். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற 33 மாடிக் குடியிருப்பில் சார்ஸ் காய்ச்சல் பரவியது. 300 பேருக்கு மேல் படுத்தார்கள். 42 பேர் இறந்தார்கள். அரசு ஆராய்ந்தபோது சந்தேகம் கழிவுநீர்க் குழாய்மேல் விழுந்தது.

குளியலறைத் தரைத் துளைக்கு அடியில் வளைந்த ஒரு பகுதி இருக்கும். பிளம்பர்கள் அதை "டிராப்" என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு! பொதுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். அமோய் கார்டன்ஸில் பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போட்டதும், நோய்க் கிருமி கலந்த குழாய்க் காற்று உள்ளே வந்துவிட்டது என்று முடிவு கூறினார்கள்.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். திரும்பி வந்ததும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

ஆளை இறக்கலாமா?

அடைப்பு கீழே தொட்டியில் இருந்தால் சிலர் ஓர் ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்குகிறார்கள். இயந்திரத்தைவிடக் கூலி குறைவாம்! உள்ளே விஷவாயு இருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கியவருக்கு முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.