நண்டு முதுகில் ஒரு வெள்ளைக் குடித்தனம்

மல்லாங்கிணறு பக்கம் எங்கே திரும்பினாலும் கரிசல்காடு. கடல் என்றால் ஐஸ் பெட்டியில் வரும் நண்டுதான். அந்த நீலக்கால் நண்டின் முதுகில் சில சமயம் வெள்ளையாக, கெட்டியாகச் சின்னச் சின்ன மேடுகள் ஒட்டியிருக்கும். ‘அய்யோ, நோய் பிடிச்ச நண்டு’ என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்!

அது பார்னக்கிள். தமிழில் கொட்டலசு. பார்த்தால் கிளிஞ்சல் மாதிரி இருக்கும். உண்மையில் நண்டு, இறாலுக்குத்தான் சொந்தக்காரன். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். இடம் பிடித்ததும் தலைகீழாக நின்று, தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்கக் காலால் நீரைத் துழாவித்தான் சாப்பாடு.

அலையடிக்கும் பாறைகளில் இருப்பது வேறு வகை. நண்டின் மேல் இருப்பது செலோனிபியா. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே வாசம். சுவர் வழவழப்பாக, தட்டையாக இருக்கும். வாய் அகலம், ஆனால் அதை மூடும் கதவுகளோ சின்னவை, இடைவெளியில் தோல் தெரியும். இதுதான் அடையாளம்.

1846 முதல் 1854 வரை எட்டு வருடம் சார்லஸ் டார்வின் பார்னக்கிளோடுதான் மல்லுக்கட்டினார். நண்டில் இருப்பது ஒரு இனம், கடலாமையில் இருப்பது வேறு இனம் என்று அவர் பிரித்து எழுதினார். 2014-ல் வெளியான மரபணு ஆய்வு, இரண்டும் ஒன்றே என்கிறது. குடியிருக்கும் இடத்துக்கேற்ப உருவம் மாறுகிறதாம். பாவம், டார்வினையே ஏமாற்றிய பிராணி!

இது நண்டின் சதைக்குள் போவதில்லை. நண்டு தோடு கழற்றும்போது இதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் முதுகில் பெரிய கொட்டலசு இருந்தால், அந்த நண்டு தோடு கழற்றிக் கொஞ்ச நாளாகிவிட்டது என்று அர்த்தம். புதுத்தோடு நண்டில்தான் சதை குறைந்து தண்ணீராக இருக்கும். ஓட்டோடு கழற்றிப் போட்டுவிட்டுத் தைரியமாகக் குழம்பு வைக்கலாம். நண்டு புதுசா என்பதை மட்டும் வழக்கம்போல மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொல்லாதது இன்னொரு உறவினர், சாக்குலினா. அதற்கு ஓடும் இல்லை, காலும் இல்லை. நண்டின் உடம்புக்குள் வேர் மாதிரி பரவி, வயிற்று மடலுக்கடியில் பை போலத் துருத்திக்கொண்டிருக்கும். பிடிபட்ட நண்டுக்கு அதன்பின் இனப்பெருக்கம் கிடையாது. ஆண் நண்டாக இருந்தால் ஒடுங்கிய மடல் பெண் நண்டினுடையது போல அகன்றுவிடும். அந்தப் பையைத் தன் முட்டை என்று நினைத்துச் சுத்தம் செய்து காவலும் காக்கும்!