வரைபடத்தில் நம் தெரு எங்கே இருக்கிறது?

2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்றார். வரவேற்றோம். ஆனால் சொல் போனால் போதுமா? ஊருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நம் தெருவைக் கொண்டுபோய் வைத்த கை இன்னும் வரைந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது அது வரைவதன் பெயர் முழுமைத் திட்டம். மாஸ்டர் பிளான்.

தோழர்களே, நம்மில் பலர் இதை என்ஜினீயர்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். வன்கொடுமை நடந்தால் ஓடுகிறோம், மனு எழுதுகிறோம், மறியல் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யார் எங்கே குடியிருப்பார், எந்த வயல் மனையாகும், எந்தத் தெரு வழியாகச் சாலை போகும் என்று முடிவாகும்போது நாம் அந்த அறையில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சேர்த்து முழுமைத் திட்டம் தயாரிக்கலாம். குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலம் மண்டலங்களாகப் பிரிக்கப்படும். பூங்கா, பள்ளி, சாலை, எதிர்கால விரிவாக்கம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் குறிக்கப்படும். அதன்பின் உங்கள் சர்வே எண் எந்த வண்ணத்தில் இருக்கிறதோ, அதை ஒட்டித்தான் அனுமதி. நிலத்தின் விலையும் அந்த வண்ணத்தோடு ஏறும், இறங்கும்.

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகரில் சுமார் 96 ஆயிரம் பேர், திண்டிவனத்தில் சுமார் 73 ஆயிரம் பேர். அன்றைய பிரிக்கப்படாத மாவட்டத்தில் நாம் சுமார் 29 விழுக்காடு. ஒன்று பெரிய ரயில் சந்திப்பு. மற்றொன்று சென்னை நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சி, திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் இடம். பக்கத்திலேயே பெலாக்குப்பம் சிப்காட். இரண்டு ஊர்களும் வளரும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். யார் நிலத்தின் மேல், யாருக்காக வளரும் என்பதுதான் கேள்வி.

நகரம் வந்தால் சாதி போய்விடும் என்று சொல்பவர்களுக்கு விழுப்புரமே பதில். கிராமத்தை உயர்ந்த இலட்சியமாகக் கொண்டாடியதை அண்ணல் அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்தார். நகரம் நமக்கு மூச்சுவிட இடம் தந்தது உண்மைதான். ஆனால் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது ஏதோ ஒரு குக்கிராமத்தில் அல்ல, விழுப்புரம் நகரத்தில். ஊர், சேரி என்ற கோட்டைத் திட்டம் போட்டு அழிக்காவிட்டால் அந்தக் கோடு நகரத்துக்குள்ளும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வரைபடத்தில் மூன்று இடங்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறோம்.

முதலாவது, தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழை சாதி பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் தாழ்ந்த நிலத்தை நமக்கும் மேட்டு நிலத்தை ஊருக்கும் ஒதுக்கியது சாதி. 1978-ம் ஆண்டின் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில் நிலம் எடுத்து வீட்டுமனை கொடுத்தபோதும் ஊரோடு சேர்த்துக் கொடுத்தது அபூர்வம். மேலே புது மனைப்பிரிவுக்கு மண் கொட்டி வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் எங்கே வரும்? நம் வாசலுக்குத்தான். வரத்து வாய்க்காலும் வடிகாலும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒதுக்கப்பட்ட நிலம் அது. ஒடுக்கப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீட்கப் போராடியதில்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். முழுமைத் திட்டம் நிலம் எதற்குப் பயன்படும் என்று சொல்லும். யாருக்குச் சொந்தம் என்று கேட்காது. பறிபோன பஞ்சமி நிலம் விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலத்துக்கு மாறிய மறுநாள் அங்கே கல் நட்டுவிடுவார்கள். நாற்பது வீடு எழும்பிய பிறகு மீட்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, 'மேம்பாடு'. சட்டத்தில் குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இரண்டில் எது நம் தெருவுக்கு என்பதை முடிவுசெய்வது அரசியல். சென்னையில் என்ன நடந்தது? ஆற்றங்கரை உழைக்கும் மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடு கிடைத்தது, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தூரமாகிப் போயின. சிறு நகரங்களிலும் இதே வழி வரும்முன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் திட்டமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். திட்டம் இல்லாத இடத்தில் ரியல் எஸ்டேட்காரரும் உள்ளூர் ஆதிக்கமும் சேர்ந்து திட்டம் போடுவார்கள். நாம் கேட்பது, நம்மையும் சேர்த்து வரைந்த திட்டம். நம் தெருவுக்குப் பேருந்து திரும்பும் அகலத்தில் சாலை, சுடுகாட்டுக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் ஒதுக்கீடு, பூங்காவும் நூலகமும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில், இரண்டு பக்கப் பிள்ளைகளும் நடந்து வரும் இடத்தில். சுடுகாட்டுப் பாதைக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு மறியல் செய்யும் நிலை, அந்தப் பாதை வரைபடத்தில் இருந்தால் பாதியாவது குறையும்.

இதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அதே சட்டத்தின் 26-வது பிரிவுப்படி வரைவுத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஆட்சேபனைகளுக்கும் யோசனைகளுக்கும் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேரில் கேட்கும்படியும் கோரலாம். அந்த இரண்டு மாதத்தில் மனைப்பிரிவு போடுபவர் எழுதுவார், கல்லூரி நடத்துபவர் எழுதுவார். நம் தெருவிலிருந்து யார் எழுதுவது?

அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவின் சர்வே எண்களை முதலில் எழுதி வையுங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி என்ற குறிப்பு எங்கே என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நடப்பிலுள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்கி உங்கள் எண்களோடு ஒப்பிடுங்கள். தனி வார்டில் ஜெயித்த கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று பாட்டிகளைக் கேட்டுக் குறியுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இருக்காது.

ஒரு நோட்டும் நான்கு பேரும் இருந்தால் இன்றே தொடங்கலாம். புல்டோசர் வந்த பிறகு அதன்முன் படுப்பது வீரம்தான். அது வராதபடி முன்கூட்டியே ஓர் ஆட்சேபனை எழுதுவதும் போராட்டம்தான்.

ஜெய்பீம்.