ஸ்டீயரிங் இறுகினால் பம்பைப் பழிப்பதேன்?

பண்ணை ஜீப்பின் பவர் ஸ்டீயரிங், சுற்றுகையில் ஓரிடத்தில் இலேசாயும் மற்றோரிடத்தில் கடினமாயும் இருப்பின், எண்ணெய்ப் பம்பு கெட்டதெனக் கருதிப் புதிது வாங்குவோர் பலர். பெரும்பாலும் இது வீண் செலவேயாகும்.

பம்பு தளர்ந்தால் கடினம் சுற்று முழுதும் ஏறக்குறைய ஒரே சீராயிருக்கும். வண்டி மெதுவாய்ச் செல்லும்போது அதிகம் புலப்படும். ஒரு முழுச் சுற்றில் 2 முறை இறுகி 2 முறை தளருமாயின், ஸ்டீயரிங் தண்டிலுள்ள யூனிவர்சல் ஜாயிண்டையே முதலில் சந்தேகித்தல் வேண்டும். சேறும் நீரும் புகுந்தால் அது துருவேறி இறுகிவிடும்.

ஆகையால், முதலில் எண்ணெயின் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்தல் நலம். எண்ணெய் நுரைத்திருப்பின் காற்றுப் புகுந்திருத்தல் கூடும். பின்னர், பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, முன்புறத்தைத் தூக்கி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, என்ஜின் ஓடாத நிலையில் மெல்லத் திருப்புக. அப்போதும் இடையிடையே பிடித்தால் குற்றம் பம்பினுடையதன்று. ஜாயிண்டிலோ, கியர்ப் பெட்டியிலோ, முன்சக்கர மூட்டுகளிலோ உள்ளது.

வாய்க்கால் கரை வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டால் உயிருக்கே அபாயம். ஆதலின் பழுதின் இடத்தை நிச்சயித்த பிறகே பாகத்தை மாற்றுமாறு மெக்கானிக்கிடம் வற்புறுத்துவது வண்டிக்காரரின் கடமையாம். நோயறியாது மருந்திடுதல் யந்திரத்திற்கும் ஆகாது.